கூட்டணி மாறினால் பாய் மேல் இருக்கும் பார்வையும் மாறுகிறதா? கொங்குப் பக்கம் நடப்பதைப் பேசலாம்

காங்கேயத்தான்

எல்லோருக்கும் வணக்கம்ங்க. சண்டை மூட்ட எழுதவில்லை, கொஞ்ச நாளாக மனசில் உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் எம்ஜிஆர் காலத்திலிருந்து இரட்டை இலை. பங்காளி, மாமன், மச்சான் என்று எல்லோரும் இருக்கிற ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. விடிந்தால் சிவன்மலை முருகன் படம், அப்புறம் தேங்காய் பருப்பு விலை, அதற்கப்புறம் அரசியல். பாஜகவோடு கூட்டணி இருந்த காலத்தில் முஸ்லிம்களைப் பற்றிய ஃபார்வர்டு இல்லாத நாளே கிடையாது. மக்கள்தொகை பெருகுகிறது, நம் பெண்களை இழுக்கிறார்கள், இந்த மாதிரி. 2023 செப்டம்பர் 25ஆம் தேதி அதிமுக கூட்டணியை முறித்தது. அந்த ஃபார்வர்டுகள் மெல்ல மெல்ல நின்றுபோயின. 2024 மார்ச்சில் குடியுரிமைத் திருத்தச் சட்ட விதிகள் வந்தபோது எடப்பாடியார் கண்டித்தார். அந்த அறிக்கையை 'சிறுபான்மையினரின் பாதுகாவலர்' என்று தலைப்புப் போட்டுப் பகிர்ந்ததும் அதே மாமாதான். 2019 டிசம்பரில் மாநிலங்களவையில் அதே சட்டம் 125க்கு 105 என்று நிறைவேறியபோது ஆதரித்து வாக்களித்தது எங்கள் கட்சி. அன்றைக்கும் குழுவில் கைதட்டல்தான்.

2025 ஏப்ரல் தொடக்கத்தில் வக்ஃபு திருத்த மசோதா வந்தது. கட்சி எதிர்த்தது, குழுவும் எதிர்த்தது. அதே மாதம் 11ஆம் தேதி சென்னையில் அமித் ஷா மறுபடியும் கூட்டணியை அறிவித்தார். கொஞ்ச நாளிலேயே பழைய படங்கள் திரும்ப வர ஆரம்பித்தன.

இதில் மதம் எங்கே மாறியது என்று எனக்குப் புரியவில்லை. சாமி அதே சாமி. எங்கள் ஊர் பாய்மாரும் அதே ஆட்கள்தான், வீட்டுக்கு வீடு தெரிந்தவர்கள். மாறியது கூட்டணி ஒன்றுதான்.

முன்னாலும் இப்படி நடந்திருக்கிறது. 1998இல் கோவையில் சி.பி.ராதாகிருஷ்ணன் ஜெயித்தபோது இரட்டை இலை அவர் பக்கம், உதயசூரியன் எதிரே. 1999இல் அவரே மறுபடியும் ஜெயித்தார், அப்போது உதயசூரியன் அவர் பக்கம், இரட்டை இலை எதிரே. ஒரே வேட்பாளர், ஒரே தாமரை. முந்தின வருடம் 'மதவாதம்' என்று முழங்கியவர்கள் அடுத்த வருடம் தாமரைக்கு ஓட்டுக் கேட்டு வீதி வீதியாகப் போனார்கள். இரண்டு பக்கத்துத் தொண்டர்களும் இடம் மாற்றி நின்றார்கள், அவ்வளவுதான்.

நம் பக்கத்தில் சிறுபான்மையினர் மேல் இருக்கிற கோபமும் பாசமும் உண்மையில் மதத்திலிருந்து வருகிறதா, 'எதிர்க்கட்சிக்காரன் அவர்கள் பக்கம் நிற்கிறான், அதனால் நான் இந்தப் பக்கம்' என்கிற வீம்பிலிருந்து வருகிறதா? எனக்கு ரெண்டாவதுதான் என்று படுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ஒப்பணக்காரவீதி

தம்பி, காங்கேயத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதுவது சுலபம். நான் 1997இலும் 98இலும் கோவை டவுனில் கடை வைத்திருந்தவன்.

97 நவம்பர் 29 ராத்திரி கான்ஸ்டபிள் செல்வராஜைக் கொன்றார்கள். அதற்கப்புறம் நடந்த கலவரத்திலும் துப்பாக்கிச் சூட்டிலும் 18 முஸ்லிம்கள் செத்தார்கள். 98 பிப்ரவரி 14ஆம் தேதி அத்வானி ஆர்.எஸ்.புரத்தில் பேச வேண்டிய நாள். ஊர் முழுக்க வரிசையாகக் குண்டு வெடித்தது, அரசு மருத்துவமனையைக் கூட விடவில்லை. 58 பேர் போனார்கள். அன்றைக்குச் சாயங்காலம் என் கடை ஷட்டரை இழுத்துவிட்டு உள்ளே நாங்கள் நான்கு பேர் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தோம். வெளியே ஓடுகிற காலடிச் சத்தம் யாருடையது என்று தெரியாது. அந்தப் பயத்தை எந்தக் கட்சியும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

2022 அக்டோபர் 23, தீபாவளிக்கு முந்தின நாள், கோட்டை ஈஸ்வரன் கோயில் முன்னால் கார் வெடித்தபோது என் சம்சாரம் முதலில் கேட்டது 'மறுபடியுமா?' என்றுதான். அப்போது ஆண்டது திமுக. 98இல் ஆண்டதும் திமுக. அதனால்தான் எங்களுக்கு அந்தக் கட்சி மேல் நம்பிக்கை வருவதில்லை. இதை வீம்பு என்று சொல்லாதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பாதி உண்மை ஆகிவிடும். மாசி மாதம் கோனியம்மன் தேர் ஒப்பணக்கார வீதி வழியாக வரும்போது அத்தர் ஜமாஅத் பள்ளிவாசல் வாசலில் பெட்டி பெட்டியாகத் தண்ணீர் பாட்டில் வைத்துக்கொண்டு நிற்பார்கள். வெயில் கொளுத்தும், வடம் பிடித்து வருகிறவர்கள் வாங்கிக் குடிப்பார்கள். கார் வெடித்த பிறகு ஜமாஅத் பெரியவர்கள் கோட்டை ஈஸ்வரன் கோயிலுக்கே போய் அங்கிருந்தவர்களைப் பார்த்துப் பேசினார்கள். நான் அவர்களை வெறுக்கவில்லை. பயப்படுகிறேன். ரெண்டும் வேறு வேறு.

சூரியன்_பவானி

வணக்கம் அண்ணா. 98 வலியை மதிக்கிறேன். ஆனால் சிறுபான்மையினருக்கு உருப்படியாக எதையாவது செய்தது யார் என்றும் பேச வேண்டும். 2007இல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டுக்குள் முஸ்லிம்களுக்கு 3.5 சதவீதம் தனியாகக் கொடுத்தது கலைஞர். 2002இல் மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது ஜெயலலிதா அம்மையார். 2004 மக்களவைத் தேர்தலில் ஒரு தொகுதிகூட ஜெயிக்காமல் போன பிறகுதான் அதைத் திரும்பப் பெற்றார்கள். தோற்றால்தான் மனசு மாறும் என்றால் அது எப்படிப்பட்ட மனசு?

ஆய்வுமாணவி_கோவை

அரசியல் அறிவியலில் ஆய்வு செய்கிறேன். காங்கேயம் அண்ணன் கேட்டது நாங்கள் வகுப்பில் மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி.

1970களின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஹென்றி தாஜ்ஃபெல் பள்ளிப் பையன்களை வைத்து ஒரு சோதனை செய்தார். இரண்டு ஓவியர்களில் யார் படம் பிடிக்கிறது என்று கேட்பதுபோல் கேட்டுவிட்டு, பையன்களை இரண்டு அணியாகப் பிரித்தார். யார் எந்த அணியில் என்று ஒருவருக்கும் தெரியாது, அணிகளுக்குள் பழைய பகை எதுவும் கிடையாது. பிறகு காசைப் பங்கிடச் சொன்னார். பல பையன்கள் தங்கள் அணிக்கு அதிகம் கிடைக்கிற வழியை எடுக்கவில்லை. தங்களுக்குக் கொஞ்சம் குறைந்தாலும் சரி, எதிர் அணிக்கு அதைவிடக் குறைய வேண்டும் என்கிற வழியை எடுத்தார்கள். ஓவியத்துக்கே இந்த நிலைமை என்றால், தலைமுறை தலைமுறையாகக் கொடி கட்டிய வீடுகளில் என்ன நடக்கும்?

ஆனால் அதற்காக 'மதம் ஒன்றுமே இல்லை, எல்லாம் கட்சிதான்' என்று சொல்ல எனக்கு மனசில்லை. பியூ ஆய்வு மையம் 2019 நவம்பர் முதல் 2020 மார்ச் வரை இந்தியாவில் ஏறக்குறைய 30,000 பேரை நேரில் பார்த்துப் பேசியது. உண்மையான இந்தியராக இருக்க இந்துவாக இருப்பது மிக முக்கியம் என்று சொன்ன இந்துக்கள் 64 சதவீதம். முஸ்லிம் பக்கத்து வீட்டுக்காரராக வருவதை ஏற்க மாட்டேன் என்றவர்கள் 36 சதவீதம். 2019 தேர்தலில் வாக்களித்த இந்துக்களில் பாஜகவுக்குப் போட்டவர்கள் நாடு முழுக்க 49, தெற்கில் 19. தெற்கில் கோயிலுக்குப் போகிற கூட்டம் குறைச்சலா? மருதமலையையும் பழனியையும் பார்த்தாலே தெரியும். பக்தி இருந்தால் வெறுப்பும் கூடவே வரும் என்று சொல்ல வழியில்லை. பக்தியை ஓட்டோடு முடிச்சுப் போட ஒரு கட்சி வேண்டும், அந்த முடிச்சு இறுக எதிரே இன்னொரு கட்சியும் வேண்டும்.

ஒரு மறுப்பும் உண்டு. கட்சிப் போட்டி எப்போதும் சிறுபான்மையினருக்குக் கெடுதல்தான் என்பது சரியில்லை. ஸ்டீவன் வில்கின்சன் என்ற ஆய்வாளர் இந்தியக் கலவரங்களை வைத்து வேறு மாதிரி வாதிட்டார். சிறுபான்மை வாக்கு யாருக்கு வேண்டுமானாலும் தேவைப்படலாம் என்கிற நெருக்கடி இருக்கிற மாநிலத்தில் அரசு கலவரத்தைத் தடுத்துவிடும் என்பது அவர் வாதம். 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் கிறிஸ்தவர்கள் 6.12 சதவீதம், முஸ்லிம்கள் 5.86. சின்ன எண்தான். ஆனால் 2021 சட்டமன்றத் தேர்தலில் மொடக்குறிச்சியில் வித்தியாசம் 281 வாக்கு, தாராபுரத்தில் 1,393, கோவை தெற்கில் 1,728. இப்படி இருக்கிற இடத்தில் யாரையும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. அதே 2021இல் பாஜகவோடு கூட்டணியில் இருந்துகொண்டே அதிமுக, குடியுரிமைத் திருத்தச் சட்டத்தைக் கைவிட மத்திய அரசை வலியுறுத்துவோம் என்று தேர்தல் அறிக்கையில் எழுதியது. கூட்டணி மாறினால் மட்டுமே பேச்சு மாறும் என்ற உங்கள் வாதத்தில் இது இடிக்கிறது அண்ணா.

பள்ளபட்டி_ராவுத்தர்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு நேரம் எங்களைப் பற்றித்தான் பேச்சு நடக்கிறது. ஒரு பாயாவது பேச வேண்டாமா என்றுதான் உள்ளே வந்தேன்.

எங்களை வேண்டாதவர்களாகப் பார்ப்பது ஒரு வலி. எங்களை இன்னொரு கட்சியைக் குத்துகிற கம்பாகப் பார்ப்பது வேறொரு வலி. ரெண்டாவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

2019 மே மாதம் அரவக்குறிச்சி இடைத்தேர்தல். கமல்ஹாசன் எங்கள் பள்ளபட்டிக்கு வந்து, சுதந்திர இந்தியாவின் முதல் தீவிரவாதி ஓர் இந்து, பெயர் கோட்சே என்று பேசினார். இங்கே முஸ்லிம்கள் அதிகம் என்பதற்காகச் சொல்லவில்லை, காந்தி சிலைக்கு முன்னால் நின்று சொல்கிறேன் என்றும் சொன்னார். சரி, அது அவர் கருத்து. மறுநாளிலிருந்து தொலைக்காட்சி முழுக்க எங்கள் ஊர்தான். ஓர் அமைச்சர் நாக்கை அறுக்க வேண்டும் என்றார். வழக்கு, பதில், பதிலுக்குப் பதில். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் வியாபாரத்துக்காக நாடெங்கும் இருக்கிறார்கள். வடக்கே துணிக்கடையில் இருக்கிற என் மைத்துனனை அங்கே உள்ளவர்கள் 'உங்கள் ஊரில்தானே அப்படிப் பேசினார்கள்' என்று கேட்டார்கள். அந்தப் பேச்சில் எங்கள் ஊர்க்காரன் ஒருவன் ஒரு சொல்லாவது சொன்னானா? மேடை அவர்களுடையது, சண்டை அவர்களுடையது, கெட்ட பெயர் மட்டும் எங்களுக்கு.

அதே 2019 ஜூலையில் முத்தலாக் மசோதா. மக்களவையில் அதிமுகவின் ஒரே உறுப்பினர் ஆதரித்துப் பேசினார். சில நாள் கழித்து மாநிலங்களவையில் அதே கட்சி எதிர்த்துப் பேசி வெளிநடப்பு செய்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி, முஸ்லிம் ஓட்டு கணிசமாக இருக்கிற வேலூரில் மக்களவைத் தேர்தல் இருந்தது. எங்கள் பெண்களின் வாழ்க்கை பற்றிய சட்டம் ஐயா அது. ஆதரித்தாலும் எதிர்த்தாலும் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

பவானி தம்பிக்கு: 3.5 சதவீதத்தை நாங்கள் மறக்கவில்லை. என் மகள் அதில்தான் கல்லூரியில் சேர்ந்தாள். ஆனால் 1999 முதல் 2003 கடைசி வரை உங்கள் கட்சி எங்கே இருந்தது? 2002இல் குஜராத் எரிந்தபோது வாஜ்பாய் அமைச்சரவையில் இருந்தது. அதே மார்ச்சில் பொடா என்கிற பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் நிறைவேறியபோதும் அங்கேயே இருந்தது. எங்கள் ஜமாஅத்தில் வயதானவர்கள் அதையும் மறக்கவில்லை.

ஒப்பணக்கார வீதி அண்ணனுக்கு: நீங்கள் ஷட்டருக்கு உள்ளே இருந்தீர்கள். 97இல் கோட்டைமேட்டில் என் அத்தை வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்கப்புறம் பல வருடம் அந்தத் தெருக்களைச் சுற்றிச் சோதனைச் சாவடி. அத்தை மகன் வேலைக்குப் போன இடங்களில் விலாசத்தைப் பார்த்ததும் பேச்சை முடித்துக்கொண்டார்கள். பிறகு குனியமுத்தூரில் இருக்கிற சொந்தக்காரர் விலாசத்தைக் கொடுத்துத்தான் வேலை கிடைத்தது. குண்டு வைத்தவனை நாங்கள் யாரும் எங்கள் ஆள் என்று சொன்னதில்லை.

செக்கிங்_செக்சன்_அக்கா

திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். சிறுபான்மை என்றால் பாயும் கிறிஸ்தவரும் மட்டும்தானா? எங்கள் ஊரில் இந்திக்காரப் பிள்ளைகளும் அப்படித்தான். அவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள்தான், ஆனாலும் இதே கதைதான் நடந்தது.

2023 மார்ச் 1ஆம் தேதி முதல்வர் ஸ்டாலின் பிறந்தநாளுக்கு பீகார் துணை முதல்வராக இருந்த தேஜஸ்வி யாதவ் சென்னை வந்தார். அதை ஒட்டியே, தமிழ்நாட்டில் பீகார்க்காரர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. வேறெங்கோ நடந்த கொலை, வேறு ஊர் அடிதடி, எல்லாவற்றையும் திருப்பூர் என்று போட்டார்கள். பீகார் சட்டமன்றத்தில் பாஜக பிரச்சினை கிளப்பியது: 'நம் ஆட்கள் சாகிறார்கள், துணை முதல்வர் அங்கே விருந்து சாப்பிடுகிறார்.' அவர்களுக்குச் சண்டை தேஜஸ்வியோடு. நடுவில் மாட்டிக்கொண்டது என் லைனில் நிற்கிற பையன்கள்.

அந்த வாரம் செக்கிங் டேபிளில் யார் கையும் ஓடவில்லை. ஒரு பையனுக்கு அரை மணிக்கு ஒரு தடவை அவன் அம்மா போன். எடுத்து 'டீக் ஹை, டீக் ஹை' என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனான். கடைசியில் போனை என்னிடம் கொடுத்தான். எனக்கு இந்தி தெரியாது, அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது. வீடியோ காலில் என் முகத்தைக் காட்டி, பையன் தோளில் கை போட்டுச் சிரித்தேன், அந்தம்மா கும்பிட்டார். அதற்கப்புறம்தான் அவன் பீஸைக் கையில் எடுத்தான்.

ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டம் ஸ்டேஷனில் வழக்கம்போல் நின்றது. அதையும் படம் எடுத்து 'உயிர் பிழைக்க ஓடுகிறார்கள்' என்று போட்டார்கள். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனது. டிஜிபி அது பொய்ச் செய்தி என்று வீடியோ போட்டார். பரப்பியவர்கள் மேல் வழக்கும் வந்தது.

ஆனால் நம் ஆட்களையும் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் ஜனவரியில் ஒரு சண்டை வீடியோ வந்தபோது 'வடக்கன் நம்மை அடிக்கிறான்' என்று நம் பக்கத்திலும் கொதித்தார்கள். இந்திக்காரன் வந்தால் அவன் ஓட்டு தாமரைக்குப் போகும், அதனால் விரட்ட வேண்டும் என்று என் அண்ணன் மகனே பேசினான். பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கிற பையனை ஓட்டாகப் பார்க்க எப்படி மனசு வருகிறது?

தாராபுரம்_டீச்சர்

காங்கேயம் அண்ணா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கட்சிப் போட்டியே இல்லாத ஒரு இடம் இருக்கிறது, அங்கேயும் வாருங்கள்.

நான் அருந்ததியர், கிறிஸ்தவள். என் தம்பி ஞானஸ்நானம் வாங்கவில்லை, அவன் சான்றிதழில் எஸ்.சி. அருந்ததியர். என் சான்றிதழில் பி.சி. ஒரே அம்மா அப்பா, ஒரே வளவு (எங்கள் சனம் இருக்கிற குடியிருப்பு). 1950 ஆணைப்படி இந்து, பிறகு சேர்க்கப்பட்ட சீக்கியர், பௌத்தர் மட்டும்தான் எஸ்.சி. கிறிஸ்தவர் ஆனவுடன் என் மேல் இருக்கிற தீண்டாமை போய்விட்டது என்று சட்டம் நினைக்கிறது. ஊருக்குள் டீக்கடைக்காரருக்கு அது தெரியாது. எனக்கும் தம்பிக்கும் ஒரே டம்ளர்தான், மற்றவர்களுக்கு வேற.

2023 ஏப்ரலில் கிறிஸ்தவரான ஆதிதிராவிடருக்கும் எஸ்.சி. தகுதி வேண்டும் என்று சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தபோது பாஜக வெளிநடப்பு செய்தது. மற்றவர்கள் எங்களுக்காகப் பேசினார்கள். நல்லது. ஆனால் எங்கள் ஊரில் பேசியவரின் கட்சிக்காரரும் வெளிநடப்பு செய்தவரின் கட்சிக்காரரும் ஒரே தெருவில்தான் இருக்கிறார்கள். எங்கள் பிள்ளை அந்தத் தெருவில் வண்டியை உருட்டாமல் ஓட்டிக்கொண்டு போனால் மூன்று கொடிக்காரர்களும் ஒன்றாக வந்து கேட்பார்கள். அந்த நேரத்தில் கூட்டணிப் பிரச்சினை எதுவும் அவர்களுக்குள் இல்லை. 2015இல் கோகுல்ராஜையும் 2016இல் உடுமலையில் சங்கரையும் சாதிக்காகக் கொன்றார்கள். ரெண்டு பேரும் இந்துக்கள்தான்.

கட்சிச் சண்டையால் வருகிற வெறுப்பு கட்சி மாறினால் மாறும் என்று ஒரு நம்பிக்கையாவது இருக்கிறது. எல்லாக் கட்சிக்காரரும் ஒத்துப்போகிற வெறுப்பை எதை வைத்து மாற்றுவது?

காங்கேயத்தான்

டீச்சர், இதற்கு என்னிடம் பதில் இல்லைங்க. எங்கள் குழுவில் பாயைப் பற்றி மாற்றி மாற்றிப் பேசுகிறவர்கள்கூட வளவுக்காரர்கள் விஷயத்தில் ஒரே பேச்சுத்தான். அது எந்தத் தேர்தலுக்கும் மாறியதில்லை.

ஆய்வு மாணவி அம்மணி சொன்ன 2021 தேர்தல் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன், சரிதான். தலைமை சிறுபான்மை ஓட்டுக்காக ஒன்று எழுதுகிறது, கீழே வாட்ஸ்அப்பில் வேறொன்று ஓடுகிறது. மேலே இருப்பவர்கள் இரண்டு பக்கமும் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கீழே இருப்பவர்களுக்குத்தான் ஒரு எதிரி தேவைப்படுகிறது. இது இன்னும் மோசமாகப் படுகிறது எனக்கு.

ஆய்வுமாணவி_கோவை

கீழே ஓடுவதைத் தடுக்கிற ஒன்றும் ஆராய்ச்சியில் வருகிறது அண்ணா. அசுதோஷ் வார்ஷ்ணே கோழிக்கோட்டையும் அலிகரையும் ஒப்பிட்டார். தெருவில் பேசிப் பழகுவது மட்டும் நகரத்தில் கலவரம் வரும்போது போதவில்லை, வியாபாரிகள் சங்கம், தொழிற்சங்கம் மாதிரி இரு தரப்பும் சேர்ந்து பணம் போட்டு, பதவி பங்கிட்டு நடத்துகிற அமைப்பு இருந்த ஊரில்தான் வதந்தி அடங்கியது என்கிறார். தேருக்குத் தண்ணீர் கொடுப்பது அழகு. ஆனால் ஒப்பணக்கார வீதிப் பெரியவர் இருக்கிற வியாபாரிகள் சங்கத்தில் எத்தனை பாய்மார் பொறுப்பில் இருக்கிறார்கள் என்று கேட்க ஆசைப்படுகிறேன்.

ஒப்பணக்காரவீதி

நல்ல கேள்வி அம்மணி. உறுப்பினராக நிறைய பேர் உண்டு. பொறுப்பில் முன்னால் இருந்தார்கள், 98க்கு அப்புறம் யாரும் இல்லை. அவர்களும் கேட்கவில்லை, நாங்களும் கூப்பிடவில்லை. அடுத்த கூட்டத்தில் நான் எடுத்துப் பேசுகிறேன்.

ஆனால் என் பயத்தை விட்டுவிடச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு தேர்தலுக்கும் அந்த 58 பேர் படத்தைப் போட்டு ஓட்டுக் கேட்டு வருகிறார்களே, அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும் என்று எனக்கும் இருக்கிறது. அந்தக் குடும்பங்கள் இன்றைக்கு என்ன நிலையில் இருக்கின்றன என்று உங்களில் யாராவது போய்ப் பார்த்தீர்களா?

பள்ளபட்டி_ராவுத்தர்

கேளுங்கள் அண்ணா, நானும் கூட வருகிறேன். ஆனால் 97இல் செத்த 18 பேர் குடும்பத்தையும் சேர்த்துக் கேட்டால்தான் வருவேன். 58 மட்டும் என்றால் ஒரு கட்சி வந்து நம் பின்னால் நிற்கும், 18 மட்டும் என்றால் இன்னொரு கட்சி வந்து நிற்கும். கான்ஸ்டபிள் குடும்பத்தையும் சேர்த்து எல்லோரையும் கேட்டால் எந்தக் கட்சி வரும் என்று பார்த்துவிடலாம். சங்கக் கூட்டத் தேதி முடிவானதும் இங்கேயே போடுங்கள்.